கோஃப் புகைந்தால் எதைத் தேர்வது? நிலக்கரிச் சூட்டை அடக்கும் ஐந்து வழிகள்

போன ஐப்பசியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

ஒருவன் என் அண்ணன் மகன். வடக்கே ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் அசிஸ்டென்ட் மேனேஜர். ராத்திரி பத்து மணிக்குப் போன். "சித்தப்பா, ஒரு பேனல்ல கார்பன் மோனாக்சைடு ஏறிக்கிட்டே இருக்கு. உடனே சீல் வைக்கணும்னு ஓவர்மேன் சொல்றார். நைட்ரஜன் விட்டா பேனலைக் காப்பாத்திடலாம்னு இன்னொரு ஆபீசர் சொல்றார். எது சரி?" (பேனல் என்றால் சுரங்கத்துக்குள் கரி எடுக்கப் பிரித்து வைத்த ஒரு பகுதி. சீல் வைப்பது அதற்குள் போகும் வழிகளைச் சுவரெழுப்பி மூடுவது. ஓவர்மேன் சுரங்கத்தின் மேற்பார்வையாளர்.)

இன்னொருவர் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். உமி பற்றாத மாதங்களில் பாய்லருக்கு இந்தோனேசிய நிலக்கரி வாங்கிக் களத்தில் குவித்து வைப்பார். மழை விட்டு ஒரு வாரம் கழித்துக் குவியலின் சரிவில் ஆவியா புகையா என்று சொல்ல முடியாத ஒன்று கிளம்பியிருக்கிறது. "அண்ணே, தண்ணி லாரியைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

28 வருடம் சுரங்கக் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுக் கோட்டையூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒற்றை வரியில் பதில் சொல்ல வரவில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். சுரங்கம்தான் பெரிய கதை, அதனால் அது முதலில். களத்துக் குவியல் கடைசியில்.

## சூடு எங்கிருந்து வருகிறது

நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பம் விடும். காற்று நன்றாக வீசும் இடத்தில் அந்த வெப்பத்தைக் காற்றே அள்ளிப் போய்விடும். காற்றே போகாத இடத்தில் உறிஞ்சுவதற்கு ஆக்சிஜன் இருக்காது. வம்பெல்லாம் இரண்டுக்கும் நடுவில் கசியும் சோம்பேறிக் காற்றால்தான். ஆக்சிஜன் கொடுக்க அது போதும், வெப்பத்தை வெளியேற்றப் போதாது.

கரியை எடுத்துவிட்டுக் கூரையை இடிந்து விழ விட்ட பகுதியைச் சுரங்கத்தில் கோஃப் என்போம். நொறுங்கிய கரியும் இடுக்குகளும் கசியும் காற்றும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். வெப்பம் கூடக் கூட உறிஞ்சும் வேகமும் கூடும். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 40 டிகிரியிலிருந்து 70க்குப் போக எடுத்துக்கொள்ளும் அவகாசத்தை, 70லிருந்து நெருப்பாவதற்கு அது எடுத்துக்கொள்ளாது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. ஈரத்தோடு போட்ட வைக்கோல் போர் உள்ளே வெந்து புகைவதைப் பார்த்திருப்பார்கள். அங்கே முதலில் சூடேற்றுவது நுண்ணுயிர், கரியில் நேரடியாக ஆக்சிஜன். ஆனால் போகிற போக்கு ஒன்றுதான். இதைவிடப் பொருத்தமான உதாரணம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றைக் குறைத்து நாள்கணக்கில் புகைய விடுவார்கள். கல்லல் பக்கம் மூட்டம் போடும் பெரியவர் ஒருவரிடம், ராத்திரியில் ஏன் தூங்காமல் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மண்ணு வெடிக்கும் தம்பி. வெடிச்ச இடத்துல உடனே பூசலேன்னா காலையில கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும்" என்றார். சுரங்கத்தில் பேனலைச் சீல் வைப்பது பற்றி நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

எல்லாக் கரியும் ஒரே மாதிரி சூடேறாது. ஆய்வுக்கூடத்தில் கரியைச் சூடேற்றிக்கொண்டே போய், அது தன் சூட்டாலேயே உலையின் சூட்டை முந்தும் வெப்பநிலையை அளப்பார்கள். அதற்குக் கிராசிங் பாயிண்ட் என்று பேர். இந்தியக் கணக்கில் அது 120 முதல் 140 டிகிரிக்குள் வந்தால் அந்தக் கரி சீக்கிரம் பற்றும் ரகம், 140 முதல் 160 வரை நடுத்தரம், அதற்கு மேல் சாது. ஈரப்பதமும் ஆவியாகும் பொருளும் அதிகமுள்ள இளங்கரிதான் அதிகம் படுத்தும். நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கேட்கவே வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளைப் பட்டியல் போடுமுன் நான் கேட்கும் கேள்விகள் இவை.

சூடான இடத்துக்கு ஆள் போக முடியுமா? குழாயாவது போகுமா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி முடிவு எடுத்தாயிற்று.

அந்தச் சுரங்கத்தில் மீத்தேன் எவ்வளவு? காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். ஆக்சிஜன் ஏறத்தாழ 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வெடிக்காது. காற்றை அடைத்ததும் கரியிலிருந்து கசியும் மீத்தேன் ஏறும், ஆக்சிஜன் இறங்கும். எது முந்துகிறது என்பதுதான் உயிர்ப் பிரச்சினை.

நாம் செய்வது சூட்டைத் தணிக்குமா, அல்லது பட்டினி மட்டும் போடுமா? பட்டினி போட்ட நெருப்பு நீறு பூத்துக் கிடக்கும். கொழுந்து விட்டு எரிவது 10, 12 சதவீத ஆக்சிஜனிலேயே அடங்கிவிடும். கனல் அப்படியில்லை, 2, 3 சதவீதம் வரை விடாப்பிடியாகப் புகையும்.

உள்ளே எதை விட்டுவிட்டு வருகிறோம்? கரி மட்டுமா, இயந்திரங்களுமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை: இதை எத்தனை மாதம், யார் பார்த்துக்கொள்வார்கள்? முதல் நாள் செலவைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இந்த ஐந்து வழிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தவணைக் கடன் மாதிரி. வாங்குவது ஒருநாள், கட்டுவது வருடக்கணக்கு.

## முடிவுக்கு முன் ஒரு எண்

மூக்குதான் பழைய கருவி. பெட்ரோல் வாடை மாதிரி, கொஞ்சம் இனிப்பாக ஒரு மணம் வரும். கூரை வியர்க்கும். விளக்கு வெளிச்சத்தில் மெல்லிய மூட்டம் தெரியும். ஆனால் மூக்கு சொல்வதற்குள் பெரும்பாலும் தாமதமாகியிருக்கும்.

அதற்குத்தான் கிரஹாம் விகிதம். கரி விழுங்கிய ஆக்சிஜன் எவ்வளவு, அதில் எத்தனை பங்கு கார்பன் மோனாக்சைடாகத் திரும்பி வந்தது என்பதன் சதவீதம் அது. 0.4க்குள் இருந்தால் வழக்கமானது. 1ஐத் தாண்டினால் சூடேற்றம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2 என்றால் நிலைமை முற்றிவிட்டது. 3க்கு மேல் தீயே. இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அதன் சொந்த இயல்பு நிலை உண்டு. 0.3லேயே வருடம் முழுக்க இருந்த பேனல் ஒரே வாரத்தில் 0.6க்கு ஏறினால், 0.8லேயே நிற்கும் இன்னொன்றைவிட எனக்கு அதுதான் பயம். எத்திலீன் தென்பட்டால் உள்ளே எங்கேயோ 100 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம்.

(இடுப்பில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு கருவிக்குள் இருப்பது மின்வேதியியல் செல். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வகம் இருந்தும், ஊரில் பாதிப்பேருக்கு அது எதற்கு என்று தெரியாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.)

## வழி 1: தோண்டி எடுத்து அணைப்பது

கை எட்டும் இடத்தில் சூடு இருந்தால் இதுதான் ராஜ வைத்தியம். சூடான கரியை வெட்டி எடுத்து, நனைத்து, வெளியே அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. பின்னால் கட்ட வேண்டிய தவணை கிடையாது. ஐந்தில் இந்தப் பெருமை இதற்கு மட்டும்தான்.

திறந்தவெளிச் சுரங்கங்களில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், தண்ணீரும் மண்ணும் துணைக்கு. ஆனால் பரப்பு பெரிதானால் அங்கேயும் சுலபமில்லை. ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 2014ல் புதர்த்தீயிலிருந்து பரவிய நெருப்பை அடக்க 45 நாள் ஆயிற்று.

நிலத்தடியில் இதன் மறைமுகச் செலவு ஆட்களின் நுரையீரல். தோண்டத் தோண்டப் புதுக்காற்று உள்ளே போகும், புகையும் கார்பன் மோனாக்சைடும் வெளியே வரும். கனன்று சிவந்த கரியில் தண்ணீரைப் பீய்ச்சினால் அணைவதற்குப் பதிலாக ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கும், இரண்டும் எரியக்கூடியவை. ஓரத்திலிருந்து குளிரவைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், நடுவில் அடிக்கக் கூடாது.

கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித் தூணின் விளிம்பிலோ, கன்வேயர் அடியில் சிந்திய தூளிலோ சூடு ஆரம்பித்திருந்தால், மீத்தேன் குறைவாக இருந்தால், இதையே தேர்வு செய்யுங்கள். கோஃபுக்குள் 30 மீட்டர் தள்ளி எங்கேயோ என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். இடிந்த கூரைக்கு அடியில் ஆளை அனுப்பித் தேட முடியாது.

## வழி 2: சீல் வைப்பது

இந்தியச் சுரங்கங்களில் அதிகம் கையாளப்படுவதும், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பேனலுக்குள் போகும் வழிகளையெல்லாம் சுவர் எழுப்பி மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் கரியே தின்று தீர்க்கும். மேலோட்டமாகப் பார்த்தால் மலிவு: செங்கல், சிமெண்ட், கொத்தனார். பேனலில் தூண்களை எடுக்கத் தொடங்குமுன்பே வழியை அடைக்கும் ஸ்டாப்பிங் சுவர்களைப் பாதி எழுப்பி, போக வர மட்டும் வழி விட்டு வைத்திருந்தால் சில மணி நேரத்தில் மூடிவிடலாம். அப்படி வைக்காத சுரங்கத்தில் புகைக்கு நடுவே அஸ்திவாரம் தோண்ட வேண்டியிருக்கும்.

முதல் மறைமுகச் செலவு, மூடிய பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு நாட்கள். நான் மேலே சொன்ன மீத்தேன், ஆக்சிஜன் ஓட்டப்பந்தயம் அப்போதுதான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் மௌரா இரண்டாம் எண் சுரங்கத்தில் 1994 ஆகஸ்டில் 512 என்ற பேனலை மூடினார்கள். அதற்குப் பல வாரம் முன்பிருந்தே தார் மாதிரி மணம் வருவதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். மூடிய பிறகு அடுத்தடுத்த ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வேலைக்குப் போனார்கள். ஒரு நாள் முடிவதற்குள் மூடிய பேனல் வெடித்தது. உள்ளே இருந்த 21 பேரில் 11 பேர் திரும்பி வரவில்லை. அதே பகுதியில் 1975ல் கியாங்கா சுரங்கத்தில் சூடேறிய இடத்தை மூடும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே வெடித்து 13 பேர் போயிருந்தார்கள். சுவரின் விலையில் அந்த நாட்களின் உற்பத்தி இழப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் சுரங்கத்தையே காலி செய்துவிட்டு வெளியே காத்திருப்பதுதான் முறை.

இரண்டாவது செலவு, சுவர் மூச்சு விடும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் பேனல் வெளியே ஊதும், கூடினால் உள்ளே இழுக்கும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு, மறுபடி இரவு 10க்கு உச்சம், விடியற்காலை 4க்குத் தாழ்வு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு சுரங்கத்தில் மூடிய பேனலுக்குள் இயந்திரம் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் உள்ளே இருக்கும் காற்றின் மாதிரி எடுத்தோம். கார்பன் மோனாக்சைடு குறைந்துகொண்டே வந்து கடைசியில் இல்லை என்றே ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். சுவரைத் திறந்தோம். மூன்றாம் நாள் பழைய வாடை திரும்பி வந்தது, ஐந்தாம் நாள் மறுபடி மூடினோம். இயந்திரம் உள்ளேயே போயிற்று. அப்புறம் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினால், ஒவ்வொரு மாதிரியும் முதல் ஷிஃப்டில் காலை எட்டு, எட்டரைக்கு எடுத்தது. அதாவது காற்றழுத்தம் ஏறிக்கொண்டிருந்த நேரம், பேனல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் மாதிரிக் குழாயும் சுவரைத் தாண்டி நாலு அடிதான் உள்ளே போயிருந்தது. நாங்கள் விட்ட காற்றையே திரும்ப எடுத்துச் சோதித்து, தீ அணைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறோம். அந்தப் பக்கங்களில் என் கையெழுத்தும் இருந்தது. மாலை மூன்று மணிக்கு, நீளமான குழாயில் எடுத்திருந்தால் பேனல் உண்மையைச் சொல்லியிருக்கும்.

ஆகவே சீல் வைப்பதைத் தேர்வு செய்தால் அதோடு இரண்டையும் சேர்த்து எடுங்கள். ஒன்று, பேனல் வெளியே ஊதும் நேரத்து மாதிரி. இரண்டு, அழுத்தச் சமன். பேனலின் காற்று வரும் பக்கத்துக்கும் போகும் பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாட்டைக் கதவு, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வைத்து முடிந்தவரை பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதுதான் அது. காசு அதிகம் பிடிக்காது, கவனம்தான் பிடிக்கும். ஆனால் அந்தப் பக்கம் யாரோ ஒரு கதவைத் திறந்து கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் எல்லாம் போச்சு.

மேலே மண் கம்பளம் போர்த்துவதும் ஒரு வகைச் சீல்தான். ஆழமில்லாத பழைய சுரங்கங்களில் நிலம் வெடித்து மேலிருந்தே காற்று இறங்கும். ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி வயலில் 1916ல் பௌராவில் முதல் தீ பதிவாயிற்று. அதன்பின் கம்பெனிகள் மாறி, நாட்டுடைமை வந்து, 2009ல் மாஸ்டர் பிளான் போட்டு, இன்றும் அங்கே நிலம் புகைகிறது. போர்த்திய மண் ஒவ்வொரு கோடையிலும் வெடிக்கும், நிலம் உட்காரும்போதெல்லாம் புது விரிசல் விடும். கல்லல் பெரியவர் ராத்திரி முழுக்கச் சுற்றி வந்த வேலையை அங்கே சதுர கிலோமீட்டர் கணக்கில் செய்தாக வேண்டும்.

## வழி 3: நைட்ரஜன்

காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரிக்கும் ஆலையைச் சுரங்க வாயிலில் நிறுத்தி, குழாய் வழியே பேனலுக்குள் விடுவார்கள். அவசரமென்றால் டேங்கரில் திரவ நைட்ரஜன். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 700 லிட்டர் அளவுக்கு வாயு.

இதன் பெரிய பலம், மீத்தேன் உள்ள பேனலில் அந்த ஓட்டப்பந்தயத்தை நமக்குச் சாதகமாக முடித்துக் கொடுக்கும். மீத்தேன் 5ஐ எட்டுமுன் ஆக்சிஜனை 12க்குக் கீழே தள்ளிவிடலாம். உள்ளே விலையுயர்ந்த இயந்திரம் இருந்தால் தண்ணீர், மணல் மாதிரி அதைக் கெடுக்காது.

இதற்கு வரும் புகழுக்கும் அது உண்மையில் செய்யும் வேலைக்கும் இடைவெளி உண்டு என்பது என் அபிப்பிராயம். வாயுவாக விடும் நைட்ரஜன் சூட்டை அதிகம் தணிக்காது. பாறைக்குள் தேங்கிய வெப்பம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். விடுவதை நிறுத்தினால் ஆக்சிஜன் திரும்பும், சூடும் திரும்பும். கசிவு இருக்கும் பேனலில் கசியும் அளவைவிட அதிகமாக விட்டால்தான் பலன். இல்லையென்றால் மின்சாரக் கட்டணத்தை கோஃப் வழியே ஊதிக்கொண்டிருப்போம். மனமில்லாமல் பாதி திறந்து வைத்த பேனலில் நைட்ரஜன் விடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

வெளியே யாரும் பேசாத ஒரு செலவு: நைட்ரஜன் விட்டதும் கிரஹாம் விகிதம் குருடாகிவிடும். அந்தக் கணக்கு, காற்றில் இயல்பாக இருக்கும் நைட்ரஜனை வைத்துத்தான் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று சொல்கிறது. நாமே நைட்ரஜனை ஊற்றிவிட்டால் குறைந்த ஆக்சிஜனெல்லாம் கரி தின்றதாகத் தெரியும், விகிதம் பொய்யாக இறங்கும். "பார்த்தீங்களா, அடங்கிடுச்சு" என்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், அதை நைட்ரஜன் அசைக்காது.

இன்னொன்று, நைட்ரஜனுக்கு மணமில்லை. சுவர் வழியே கசிந்து பக்கத்து வழித்தடத்தில் ஆக்சிஜனைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. ஆள் வேலை செய்யும் இடத்தில் ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் விதி. சுவருக்கு வெளியேயும் ஆக்சிஜன் கருவி தொங்க வேண்டும்.

## வழி 4: மணல், சாம்பல் குழம்பு

கரி எடுத்த வெற்றிடத்தை மணலும் தண்ணீரும் கலந்து நிரப்பிவிட்டால் காற்று போக இடமே இருக்காது. தாமோதர் ஆற்று மணலை இப்படிச் சுரங்கத்துக்குள் அனுப்புவது ஜரியா, ராணிகஞ்ச் பக்கம் பழைய வழக்கம். வருமுன் காக்க இதைவிட நல்லது இல்லை. நிலமும் உட்காராது. ஆனால் ஆற்று மணல் இன்று என்ன விலை, கிடைப்பதே எவ்வளவு கஷ்டம் என்று வீடு கட்டும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு மாறி வருகிறார்கள்.

வந்தபின் அணைக்கவும் மேலிருந்து துளையிட்டுச் சாம்பல் குழம்பை இறக்கலாம். இது காற்றையும் அடைக்கும், சூட்டையும் தணிக்கும். பட்டினியும் வைத்தியமும் ஒன்றாக. ஆனால் சூடு எங்கே என்று ஓரளவு துல்லியமாகத் தெரிய வேண்டும். குழம்பு பள்ளத்தை நோக்கி ஓடும், சூடு மேட்டில் கூரையை ஒட்டி இருக்கும். கீழே நிரம்பி மேலே ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றுக்கு அது போதும். உள்ளே இறங்கும் தண்ணீரையெல்லாம் திரும்ப இறைக்க வேண்டும். சுவர்கள் அந்தக் கனத்தைத் தாங்க வேண்டும். நுரையும் சிலிக்கேட் ஜெல்லும் இதே குடும்பம். மேட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவற்றின் கூடுதல் குணம், விலை கூடுதல் என்பது குறை. சுவரின் விரிசலிலும் தூண் விளிம்பிலும் பூச ஜெல் அருமையானது, முழு பேனலுக்கு யாராலும் கட்டுப்படியாகாது.

## வழி 5: மூழ்கடிப்பது

இது தேர்வு என்பதைவிடச் சரணாகதி. கனலையும் சூட்டையும் நிச்சயமாக அணைக்கும், பேனல் பள்ளத்தில் இருந்தால். மேட்டில் இருந்தால் தண்ணீருக்கு மேலே காற்றுப்பை நின்று அங்கே எரியும். இயந்திரம், மின்கம்பி, கூரைத் தாங்கல் எல்லாம் போகும். பிறகு தண்ணீரை இறைத்து உள்ளே போனால், நனைந்து காய்ந்த கரி முன்னைவிடச் சுலபமாகச் சூடேறும். பக்கத்துச் சுரங்கத்துக்கு அந்தத் தண்ணீர்த் தேக்கம் நிரந்தர மிரட்டல். உயிர் ஆபத்து முற்றிய நேரத்தில், வேறு வழியே இல்லையென்றால் மட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | சூடு எட்டாத இடத்தில் | சூட்டைத் தணிக்குமா | மீத்தேன் ஆபத்து | மறைமுகச் செலவு | எப்போது இதுவே நல்லது |
|---|---|---|---|---|---|
| தோண்டி எடுப்பது | பயனில்லை | ஆம், முழுதும் | தோண்டும்போது காற்று உள்ளே போகும் | ஆட்களுக்குப் புகை, வாயு | விளிம்பில், ஆரம்பத்தில் |
| சீல் | பயன்படும் | மிக மெதுவாக | முதல் நாட்களில் அதிகம் | காத்திருப்பு, மாதிரி, சுவர்ப் பராமரிப்பு | மீத்தேன் குறைவு, சுவர் தயார் |
| நைட்ரஜன் | பயன்படும் | அதிகமில்லை | குறைக்கும் | மின்சாரம், கசிவு, குருடாகும் விகிதம் | மீத்தேன் உண்டு, உள்ளே இயந்திரம் |
| மணல், சாம்பல் | இடம் தெரிந்தால் | ஆம் | சிறிது | தண்ணீர் இறைப்பு, சுவர்மேல் கனம் | வருமுன் காக்க. பள்ளத்துச் சூட்டுக்கு |
| மூழ்கடிப்பது | பள்ளத்தில் மட்டும் | ஆம் | மேட்டுக் காற்றுப்பையில் | பேனலே போகும், மீண்டும் சூடேறும் கரி | கடைசிப் போக்கிடம் |

## அண்ணன் மகனுக்குச் சொன்னது

அவனிடம் மூன்று விவரம் கேட்டேன். மீத்தேன் வகை டிகிரி ஒன்று, அதாவது குறைவு. விகிதம் பத்து நாளில் 0.4லிருந்து 0.8. பேனலில் இன்னும் இரண்டு வரிசைத் தூண் பாக்கி. பேனல் தொடங்கி எத்தனை மாதம் என்றேன். அவன் கொஞ்சம் தயங்கி, கணக்குப்படி போன மாதமே முடிந்திருக்க வேண்டும் என்றான்.

வேர் அங்கேதான் இருந்தது. கரி காற்றுபட்டு முதல் சூடு காட்டும்வரை உள்ள காலத்தை இன்குபேஷன் காலம் என்பார்கள். நம் நாட்டுக் கரிகளில் பலவற்றுக்கு அது மாதக்கணக்கு. பேனலின் பரப்பை வரையும்போதே அந்தக் காலத்துக்குள் எடுத்து முடித்து மூடிவிடும்படி சின்னதாக வரைவார்கள். நடுவில் இயந்திரம் பழுது, ஆள் பற்றாக்குறை என்று ஒரு மாதம் இழுத்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்புறம் எந்த வழியும் ஒட்டுப்போடும் வேலைதான்.

"ஓவர்மேன் சொல்றதுதான் சரிப்பா. ரெண்டு வரிசைத் தூணை மறந்துடு. சுவர் பாதி நிக்குதுல்ல, நாளைக்கே மூடு. மூடினதும் எல்லாரையும் வெளியே எடு. நைட்ரஜன் பிளான்ட் கிடைச்சா சுவருக்குப் பின்னாடி துணைக்கு விடு, சுவருக்குப் பதிலா விடாதே" என்றேன். அந்த ஆபீசர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இதே பேனல் டிகிரி மூன்று சுரங்கத்தில் இருந்தால் நானே நைட்ரஜன் டேங்கர் வாசலுக்கு வரும்வரை கடைசிச் சுவரை மூட விட்டிருக்க மாட்டேன்.

மாதிரியை மதியத்துக்கு மேல் எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். என் கதையைச் சொன்னேன்.

## களத்துக் குவியலுக்கு

ஆலைக்காரருக்குப் பதில் சுருக்கம். தண்ணி லாரி வேண்டாம். மேலே அடிக்கும் தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓரிரு இடத்தில் இறங்கிப் போகும், சூடான இடத்தைத் தொடாது. நனைந்து காயும் கரி இன்னும் சூடேறும். ஊருணித் தண்ணீருக்கே அலையும் ஊரில் அது வீண் செலவும்கூட. நைட்ரஜன், சுவர் என்பதெல்லாம் திறந்த குவியலுக்குப் பொருந்தாது. இங்கே முதல் வழிதான் ஜெயிக்கும்: பொக்லைன் வைத்துப் புகையும் சரிவைத் தோண்டி, காலி இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி ஆறவிடுவது. ஆறியதை முதலில் பாய்லருக்குப் போட்டுவிடுவது. திரும்பக் குவிக்கவே கூடாது.

மிச்சத்தை ஒன்றிரண்டு அடி அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் வண்டியை மேலே ஓட்டி இறுக்க வேண்டும். லாரியிலிருந்து கொட்டியபடியே விட்டால் பெரிய கட்டிகள் உருண்டு அடியில் சேரும், தூள் நடுவில் தங்கும். கட்டிகளின் இடுக்கு வழியே காற்று நுழைந்து தூளைச் சூடேற்றும். சரிவுகள்தான் முதலில் புகைவதன் காரணம் இது. பழைய சரக்கின் மேல் புதுசைக் கொட்டுவது, சுவரில் சாய்த்துக் குவிப்பது, இரண்டையும் விட வேண்டும். முந்தி வந்தது முந்திப் போகட்டும். விலை குறைவாகக் கிடைக்கிறதென்று ஆறு மாதச் சரக்கை வாங்கிப் போட்டால், மிச்சம் பிடித்த காசைக் குவியலே தின்றுவிடும்.

கருவியெல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஆளுயர இரும்புக் கம்பி நாலைந்தை ஆழமாகக் குத்தி விட்டு, கால்மணி நேரம் கழித்து உருவி, கீழ் நுனியைப் புறங்கையால் பக்குவமாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே தோண்ட வேண்டும், மறுநாள் வேண்டாம்.

இதையெல்லாம் ஆலைக்கே போய்ச் சொன்னேன். கம்பியும் வந்துவிட்டது. தினம் குத்திப் பார்ப்பது யார் வேலை என்று கேட்டேன். பாய்லர் ஆள் வாட்ச்மேனைப் பார்த்தார், வாட்ச்மேன் பாய்லர் ஆளைப் பார்த்தார். கடைசியில் முதலாளி, "சாயங்காலம் டீ குடிக்க வர்றப்ப நானே பார்த்துடறேண்ணே" என்றார். கம்பியைக் களத்தில் விடாமல் டீக்குடிக்கும் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே சாத்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.